நோக்கியா கடந்துபோன ஊர்கள்

சனி, ஹெல்சின்கி

ருவோஹோலாஹ்தி மெட்ரோ நிலையத்திலிருந்து கடற்காற்றை எதிர்த்துச் சிறிது தூரம் நடந்தால் நீண்ட பழைய கட்டடம் ஒன்று வருகிறது. இங்குள்ளவர்கள் அதைக் காபெலிதெஹ்தாஸ் என்கிறார்கள், அதாவது கேபிள் தொழிற்சாலை. இன்று அதனுள் கேபிள் எதுவும் இல்லை. ஓவியர்களின் பட்டறைகள், நிழற்பட அருங்காட்சியகம், நாடக அருங்காட்சியகம், 2022இல் திறக்கப்பட்ட நடன அரங்கம் ஆகியவை இருக்கின்றன. ஒரு பெரிய கூடத்துக்கு மட்டும் இன்னமும் கடற்கேபிள் மண்டபம் என்றே பெயர்.

நோக்கியாவின் வரலாற்றை அது இருந்த ஊர்களிலேயே போய்ப் படிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நான் காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரன். 2006க்குப் பிறகு எங்கள் வாலாஜாபாத் சாலையில் விடியற்காலையிலும் நள்ளிரவிலும் ஸ்ரீபெரும்புதூர்க் கைப்பேசித் தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிச்செல்லும் பேருந்துகள் ஓடிக்கொண்டே இருந்தன. அந்த நிறுவனம் எங்கிருந்து வந்தது, எப்படி அவ்வளவு பெரிதானது என்று அப்போது எங்கள் பக்கம் யாரும் கேட்டுக்கொண்டதில்லை. இப்போது கேட்கலாம் என்று புறப்பட்டு வந்திருக்கிறேன்.

ஹெல்சின்கியில் இந்தக் கட்டடத்திலிருந்து தொடங்குவதுதான் முறை. ஆர்விட் விக்ஸ்டிரோம் என்பவர் 1912இல் தொடங்கிய பின்லாந்து கேபிள் நிறுவனம், 1939 முதல் 1954 வரை பகுதி பகுதியாக இதைக் கட்டியது. இடையில் போர் வந்தது. தோற்ற பின்லாந்து, சோவியத் ஒன்றியத்துக்கு 30 கோடி டாலர் மதிப்புள்ள பொருள்களை இழப்பீடாகத் தர வேண்டியிருந்தது. அதில் கப்பல்களும் இயந்திரங்களும் கேபிள்களும் அடங்கும். விவசாயமும் மரமும் நம்பி வாழ்ந்த ஒரு சிறிய நாடு, கடனைத் தீர்ப்பதற்காகவே தொழில்நாடாக மாறியது. 1952இல் கடைசித் தவணை அடைந்தது. அதன் பிறகும் சோவியத் ஒன்றியம் கேபிள் வாங்குவதை நிறுத்தவில்லை. தண்டனையாக வந்தது வாடிக்கையாக மாறிவிட்டது.

அந்த வருமானத்தில்தான் 1960இல் இந்த நிறுவனம் மின்னணுப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. கணிப்பொறிகளும் அளவுக்கருவிகளும் அதன் வேலை. ஆண்டுக்கணக்கில் லாபம் இல்லை. ஆனாலும் நிறுவனத் தலைவர் பியோர்ன் வெஸ்டர்லுண்ட் அதை மூடவில்லை. பிற்கால நோக்கியாவின் வேர் அந்தப் பொறுமையில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். 1967இல் காகித நிறுவனமான நோக்கியா, ரப்பர் நிறுவனம், கேபிள் நிறுவனம் மூன்றும் ஒன்றாக இணைந்தன. மூன்றிலும் சிறியது காகித நிறுவனம். இருந்தும் பெயர் அதனுடையதே நிலைத்தது.

திரும்பும் வழியில் மெக்கெலின் தெரு வழியாக நடந்தேன். நோக்கியா நிறுவனத்தை இருவர் சேர்ந்து உருவாக்கினார்கள். அவர்களில் ஒருவர் இந்த லியோ மெக்கெலின். தொழிலைவிட அரசியலில்தான் இவருக்குப் பெயர் அதிகம். ரஷ்யப் பேரரசின் கீழ் பின்லாந்து இருந்த காலத்தில் இவர் தலைமை வகித்த அரசுதான் 1906இல் பெண்களுக்கு வாக்குரிமையும் தேர்தலில் நிற்கும் உரிமையும் கிடைக்கச் செய்தது. ஐரோப்பாவில் அதுவே முதல் முறை. ஒரு கைப்பேசி நிறுவனத்தின் வம்சாவளியில் இப்படி ஒருவர் இருப்பதை நம் ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

ஞாயிறு, ஹெல்சின்கி

காலை முழுவதும் எஸ்பிளனாடி பூங்காவில் கழிந்தது. இருபுறமும் கடைத்தெரு, நடுவே நீண்ட புல்வெளி, கையில் இருக்கும் ஐஸ்கிரீமைப் பறிக்கக் காத்திருக்கும் கடற்காக்கைகள். 1991 ஜூலை 1 அன்று இந்தப் பூங்காவில்தான் ஜிஎஸ்எம் என்ற எண்ணிமக் கைப்பேசித் தரத்தில் உலகின் முதல் வணிக அழைப்பு பேசப்பட்டது. இரண்டு மாதங்கள் முன்புவரை பிரதமராக இருந்த ஹாரி ஹோல்கெரி இங்கிருந்து பேசினார். தாம்பெரே நகரத் துணை மேயர் காரினா சுவோனியோ மறுமுனையில் கேட்டார். சுமார் மூன்று நிமிடப் பேச்சு. இணைப்பைத் தந்தது ரேடியோலின்யா என்ற தனியார் நிறுவனம். வலையமைப்பை நோக்கியாவும் சீமென்ஸும் அமைத்திருந்தன.

அந்த அழைப்பின் உள்ளே நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கிறது. ஜிஎஸ்எம் முறையில் 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசையை எட்டுக் காலத்துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். எட்டுப் பேரின் குரலும் எண்களாக மாறி, சுருக்கப்பட்டு, வரிசைப்படி ஒவ்வொரு துண்டிலும் போகின்றன. ஒரு சுற்று முடிய 4.615 மில்லி விநாடிதான். ஒவ்வொருவரும் அலைவரிசை முழுவதும் தனக்கே சொந்தம் என்று எண்ணிப் பேசிக்கொண்டிருப்பார். இருக்கும் அலைவரிசையில் பல மடங்கு பேரைச் சேர்க்க முடிந்ததால்தான் கைப்பேசி பணக்காரர்களின் காரிலிருந்து இறங்கி மீன் விற்பவர் கைக்கு வந்தது.

1987இல் 13 நாடுகளின் தொலைபேசி அமைப்புகள் கோபன்ஹேகனில் கூடி, இந்த ஒரே தரத்தைப் பின்பற்றுவோம் என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. எல்லோருக்கும் திறந்த தரம் என்பதால், ஒரு நிறுவனத்தின் கைப்பேசி இன்னொரு நிறுவனத்தின் கோபுரத்துடன் பேச முடிந்தது. பின்லாந்து போன்ற சிறிய நாட்டில் பிறந்த நிறுவனத்துக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு இருந்திருக்க முடியாது. சொந்தச் சந்தையின் சிறுமை இனி ஒரு தடையே இல்லை.

இந்த நாடு அதற்கு முன்பே தயாராகியிருந்தது. 1886ஆம் ஆண்டின் தொலைபேசி ஆணைப்படி, உரிமங்களைப் பின்லாந்தின் செனட் சபையே ஊர் ஊராகத் தனியாருக்கு வழங்கியது. தொலைபேசி முழுவதும் ரஷ்யப் பேரரசின் கைக்குப் போய்விடக் கூடாது என்ற எச்சரிக்கை அதில் இருந்தது. விளைவாக நூற்றுக்கணக்கான சிறு தொலைபேசி நிறுவனங்கள் தோன்றின. கருவி செய்பவர்கள் அத்தனை வாடிக்கையாளர்களிடமும் போட்டியிட்டு விற்க வேண்டியிருந்தது. தொலைபேசியை ஒரே அரசுத் துறையின் கையில் வைத்திருந்த நாடுகளில் இப்படிப்பட்ட பயிற்சி யாருக்கும் கிடைக்கவில்லை. பிறகு 1971இல் கார் தொலைபேசி வலையமைப்பு வந்தது. 1980களின் தொடக்கத்தில் நார்டிக் நாடுகள் சேர்ந்து அமைத்த என்எம்டி வலையமைப்பு வந்தது. ஸ்வீடனில் வாங்கிய தொலைபேசி நார்வேயிலும் பின்லாந்திலும் வேலை செய்தது. எல்லை தாண்டினாலும் அறுந்துபோகாத தொலைபேசியை மக்கள் முதலில் கண்டது இங்கேதான்.

நோக்கியா கூட்டாக உருவாக்கிய மொபிரா நிறுவனத்திடமிருந்து 1982இல் வந்த செனட்டர் கார் தொலைபேசி கிட்டத்தட்ட 10 கிலோ. 1987இல் வந்த சிட்டிமேன் 800 கிராமுக்குள் அடங்கியது. சோவியத் தலைவர் கோர்பச்சேவ் அதில் ஹெல்சின்கியிலிருந்து மாஸ்கோவுக்குப் பேசும் படம் வெளியானதும் மக்கள் அந்தக் கருவிக்கு அவர் பெயரையே சுருக்கி ‘கோர்பா’ என்று வைத்துவிட்டார்கள். எடையைக் குறைத்த பொறியாளர்களின் பெயரை யாரும் சொல்வதில்லை. எனக்கு அவர்கள்தான் பெரியவர்களாகத் தெரிகிறார்கள்.

1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து முதல்வர் ஜோதிபாசு டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமை அழைத்தார். இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பு அது. அவர் காதில் இருந்ததும் நோக்கியாதான். எஸ்பிளனாடிக்கும் கல்கத்தாவுக்கும் இடையே நான்கே ஆண்டுகள்.

திங்கள், தாம்பெரே

ரயிலில் ஏறியதும் காடு தொடங்கிவிட்டது. பிர்ச் மரங்கள், ஏரி, மறுபடியும் பிர்ச் மரங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் தாம்பெரே.

இந்த நகரம் இரண்டு ஏரிகளுக்கு நடுவே இருக்கிறது. வடக்கு ஏரி தெற்கு ஏரியைவிட 18 மீட்டர் உயரத்தில் இருப்பதால் நடுவில் தாம்மெர்கோஸ்கி அருவியாறு பாய்ந்து இறங்குகிறது. கரை நெடுகச் செங்கல் ஆலைகள். ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் ஃபின்லேசன் 1820இல் இங்கு தொடங்கிய நிறுவனத்தின் பஞ்சாலையில் 1882இல் மின்விளக்கு எரிந்தது. நார்டிக் நாடுகளிலேயே முதல் முறை என்கிறார்கள். இன்று அந்த ஆலைகளில் உணவகங்களும் அலுவலகங்களும் இருக்கின்றன. ஆற்றின் இரைச்சல் மட்டும் ஓயவே இல்லை. பாலத்தில் நின்று பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது.

நோக்கியாவை உருவாக்கிய இருவரில் மற்றவரான ஃபிரெட்ரிக் இடஸ்டாம் என்ற சுரங்கப் பொறியாளர் 1863இல் ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப்பகுதிக்குப் போனார். அங்கே மரத்தை நீரோடு சேர்த்துச் சாணைக்கல்லில் அரைத்துக் காகிதக்கூழ் எடுக்கும் முறையைக் கண்டார். அதுவரை காகிதம் பெரும்பாலும் கந்தல் துணியிலிருந்து வந்தது. படிப்பவர்கள் பெருகப் பெருகக் கந்தல் போதவில்லை. பின்லாந்தில் மரத்துக்குப் பஞ்சம் இல்லை, விழும் நீருக்கும் பஞ்சம் இல்லை. 1865இல் இந்த ஆற்றோரத்தில் அவர் ஆலை தொடங்க அனுமதி பெற்றார். நோக்கியா தன் பிறந்த ஆண்டாகச் சொல்வது அதைத்தான். 1867இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவருடைய கூழுக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது.

யோசித்துப் பார்த்தால் காகிதமும் செய்தி அனுப்பும் தொழிலுக்கு உறவுதான். ஆனால் அந்தத் தொடர்பை இழுத்துப் பிடித்து, எல்லாம் முன்பே எழுதிவைத்தபடி நடந்தது போல் சொல்லும் நிறுவன வரலாறுகளை நான் ஏற்பதில்லை. இடஸ்டாம் தேடியது தொலைத்தொடர்பை அல்ல; வேகமாக விழும் தண்ணீரை. இந்தப் பாலத்தில் நின்றால் அது காதிலேயே விழுகிறது.

தாம்பெரேயில் நோக்கியா இன்றும் இருக்கிறது. கைப்பேசிக் கோபுரங்களின் கருவிகளுக்கான சில்லுகளை இங்குள்ள பொறியாளர்கள் வடிவமைக்கிறார்கள். அது அலுவலகக் கட்டடம். வெளியாள் உள்ளே போக முடியாது.

செவ்வாய், நோக்கியா

தாம்பெரேயிலிருந்து மேற்கே பதினைந்து கிலோமீட்டர் அளவில், உள்ளூர் ரயிலில் சிறிது நேரத்தில் வந்துவிடும் ஊர். நிலையப் பலகையில் ‘நோக்கியா’ என்று எழுதியிருக்கிறது. அதைப் படம் எடுத்துக்கொண்டேன்.

இடஸ்டாம் தன் இரண்டாவது ஆலையை 1868இல் இங்கே ஓடும் நோக்கியான்விர்த்தா ஆற்றின் கரையில் அமைத்தார். 1871இல் மெக்கெலினைச் சேர்த்துக்கொண்டு நிறுவனத்தைப் பதிவு செய்தபோது ஊரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். மெக்கெலினுக்கு மின்சார உற்பத்தியில் இறங்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. இடஸ்டாம் சம்மதிக்கவில்லை. அவர் 1896இல் ஓய்வு பெற்றபிறகே மின்சாரத்துக்கு வழி திறந்தது. 1902இல் உற்பத்தி தொடங்கியது. அந்த மின்சாரத்தைத் தேடித்தான் 1904இல் ஹெல்சின்கியிலிருந்து ரப்பர் நிறுவனம் இங்கு இடம்பெயர்ந்து வந்தது. முதல் உலகப் போருக்குப் பின் நோக்கியா தள்ளாடியபோது, மின்சாரம் கைவிட்டுப் போகாமல் இருக்க ரப்பர் நிறுவனமே அதன் பங்குகளை வாங்கியது. பிறகு 1922இல் கேபிள் நிறுவனத்தையும் வாங்கியது. ஆக 1967இல் நடந்த இணைப்புக்குக் காரணமான உறவு இந்த ஆற்றங்கரையில் மின்சாரத்தால் ஏற்பட்டது.

ஆற்றோரமாகவே நடந்தேன். டிஷ்யூ காகித ஆலை இன்றும் ஓடுகிறது. உரிமையாளர் வேறு நிறுவனம். டயர் தொழிற்சாலையும் ஓடுகிறது. பனிச்சாலைக்கென்று தனி டயரை 1934இலேயே செய்தவர்கள் இவர்கள். 1936 முதல் இன்றுவரை ஹக்கபெலீத்தா என்ற பெயர் கொண்ட அவர்களுடைய பனிக்கால டயர்கள் இந்த நாட்டுச் சாலைகளில் ஓடுகின்றன. அதுவும் 1988இல் தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. நோக்கியா ரப்பர் காலணி இல்லாத வீடு ஒரு காலத்தில் பின்லாந்தில் இருந்திருக்காது. இங்கே தேநீர்க்கடையில் என்னிடம் பேசிய முதியவர் ஒருவருக்கு நோக்கியா என்றால் இன்றும் முதலில் நினைவுக்கு வருவது பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போன அந்தக் கறுப்புக் காலணிதானாம்.

காகிதமும் டயரும் ஊரில் தங்கிவிட்டன. பெயரை எடுத்துக்கொண்டு நிறுவனம் மட்டும் கிளம்பிவிட்டது. அதனால் இந்த ஊர் வாடிப்போகவில்லை. ஒன்றை நம்பி நிற்காத ஊர் பிழைத்துக்கொள்ளும் என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். சாலோவுக்குப் போகும்போது இதைச் சரிபார்க்க வேண்டும்.

புதன், ரயிலில்

வடக்கே ஒவுலுவுக்கு நீண்ட பயணம். சன்னலுக்கு வெளியே சொல்ல ஒன்றும் இல்லை, காடு, காடு. 1988 முதல் 1992 வரையிலான ஆண்டுகளைப் படித்துக்கொண்டு வந்தேன்.

கரி கைராமோ 1977இல் தலைவரானபின் நோக்கியாவை ஐரோப்பிய மின்னணு நிறுவனமாக மாற்றத் துணிந்தார். ஸ்வீடன், பிரான்ஸ், ஜெர்மனி என்று தொலைக்காட்சி நிறுவனங்களாக வாங்கிக் குவித்தார். ஐரோப்பாவின் பெரிய தொலைக்காட்சி உற்பத்தியாளர்களில் ஒன்றாக நோக்கியா ஆனது; நட்டமும் அதே அளவுக்கு வளர்ந்தது. 1988 டிசம்பரில் கைராமோ தன் உயிரை மாய்த்துக்கொண்டார். நோக்கியாவின் வெற்றிக்கதையைச் சொல்பவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். ஆனால் உலகச் சந்தைக்குப் போக வேண்டும், இளம் பொறியாளர்களுக்குப் பொறுப்பு தர வேண்டும் என்ற எண்ணங்களை அங்கே விதைத்தவர் அவர்.

அடுத்து சோவியத் ஒன்றியம் சிதறியது. அந்த வாடிக்கை ஒரே வீச்சில் போயிற்று. நாடே கடும் பொருளாதார வீழ்ச்சியில் விழுந்தது. அந்த நேரத்தில், 1992இல், கைப்பேசிப் பிரிவை நடத்திவந்த 41 வயது யோர்மா ஒல்லிலா தலைவரானார். தொலைத்தொடர்பு ஒன்றே போதும் என்று முடிவு செய்து, காகிதம், ரப்பர், கேபிள், தொலைக்காட்சி எல்லாவற்றையும் படிப்படியாக விற்றுவிட்டார். 1998இல் மோட்டரோலாவைத் தாண்டி உலகில் முதலிடம் வகிக்கும் கைப்பேசி நிறுவனமாக நோக்கியா உயர்ந்தது.

வியாழன், ஒவுலு

ஆர்க்டிக் வட்டத்துக்கு இருநூறு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது ஒவுலு. இரவு என்ற ஒன்று இங்கே இப்போது கிடையாது. நள்ளிரவில் சன்னல் திரையை விலக்கினால் ஆற்றங்கரையில் ஆட்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

தார் விற்றும் மரம் விற்றும் வாழ்ந்த ஊருக்கு 1958இல் பல்கலைக்கழகம் வந்தது. அதுதான் திருப்பம். வடகோடியில் பல்கலைக்கழகம் எதற்கு என்று தலைநகரில் முணுமுணுத்திருப்பார்கள். ஆனால் இங்கேயே படித்து இங்கேயே தங்கிய பொறியாளர்கள் ரேடியோத் தொழிலை இங்கு வேரூன்றச் செய்தார்கள். இணைய அரட்டைக்கு முன்னோடியான ஐஆர்சி 1988இல் இந்தப் பல்கலைக்கழகத்தில்தான் பிறந்தது. எழுதியவர் யார்க்கோ ஓய்க்காரினென். நோக்கியா தன் கோபுர நிலையங்களை, அதாவது கைப்பேசியின் அலையை வாங்கி வலையமைப்புக்குத் தரும் கருவிகளை, இங்கே உருவாக்கியது.

கைப்பேசியை எல்லோரும் கையில் வைத்துப் பார்த்தார்கள். அதனால் அதன் வரலாறு மட்டும் நினைவில் நின்றது. நோக்கியாவின் இன்னொரு பாதி யாரும் பார்க்காத இடத்தில் வளர்ந்தது. அழைப்புகளை ஒன்றோடொன்று இணைத்துவிடும் டிஎக்ஸ் 200 என்ற எண்ணிமத் தொலைபேசி இணைப்பகத்தை அந்நிறுவனம் 1982இல் நிறுவத் தொடங்கியது. தனியாக ஒரு பெரிய கணிப்பொறியைக் கட்டாமல், கடையில் கிடைக்கும் நுண்செயலிகளைச் சேர்த்து அதை அமைத்தார்கள். ஒன்று பழுதானால் மற்றது பார்த்துக்கொள்ளும்; வேகமான சில்லு வந்தால் மாற்றிக்கொள்ளலாம். பிற்காலத்தில் ஜிஎஸ்எம் இணைப்பகமும் அதே அமைப்பின் மேல் எழுந்தது. என் கணக்கில் நோக்கியாவின் தலைசிறந்த படைப்பு 3310 கைப்பேசி அல்ல, இதுதான். கைப்பேசித் தொழில் கையைவிட்டுப் போனபிறகும் நிறுவனம் பிழைத்திருப்பது இந்தப் பாதியால்தான்.

2014க்குப் பின் ஒவுலுவிலும் நிறையப் பேர் வேலை இழந்தார்கள். கைப்பேசிப் பிரிவை வாங்கிய மைக்ரோசாஃப்ட் இங்கிருந்த பிரிவை மூடியது. ஆனால் வெளியே வந்தவர்கள் ரேடியோ அறிந்தவர்கள். பலர் சிறு நிறுவனங்கள் தொடங்கினார்கள். 2018 முதல் பல்கலைக்கழகம் ஆறாம் தலைமுறை வலையமைப்பு ஆய்வுத் திட்டம் ஒன்றை நடத்துகிறது. ஊரின் அறிவு நிறுவனத்தோடு போய்விடவில்லை. செவ்வாயன்று எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

இரவு ரயிலில் தெற்கே திரும்புகிறேன்.

வெள்ளி, எஸ்போ

கெயிலனியெமி மெட்ரோ நிலையத்தை விட்டு வெளியே வந்தால் கடலோரத்தில் கண்ணாடியும் எஃகுமான மாளிகை. 1997இல் கட்டிய நோக்கியா தலைமையகம். 2012இல் 17 கோடி யூரோவுக்கு விற்று, அதே கட்டடத்தில் வாடகைக்கு இருந்தார்கள். இன்று அதில் ஃபோர்ட்டம் என்ற மின்சார நிறுவனம் இருக்கிறது. நோக்கியாவின் தலைமையகம் இதே நகரத்தின் உட்பகுதியில், கராப்போர்ட்டியில் உள்ள வளாகத்துக்குப் போய்விட்டது.

2003இல் வந்த 1100 கைப்பேசி சுமார் 25 கோடி விற்றது. தூசி புகாத பொத்தான்கள், வியர்த்த கையிலும் வழுக்காத பிடி, உச்சியில் ஒரு டார்ச் விளக்கு. மின்வெட்டில் அந்த விளக்கை நம்பி இருந்த வீடுகள் நம் ஊரில் எத்தனை! இவ்வளவு கூர்மையாக மக்களைக் கவனித்த நிறுவனம் எப்படி விழுந்தது?

ஒரு மனிதர்மேல் பழிபோடுவது சுலபம். 2010இல் தலைவராக வந்த ஸ்டீஃபன் இலோப், 2011 பிப்ரவரியில் எரியும் எண்ணெய்த் துரப்பண மேடையில் நிற்கிறோம் என்று ஊழியர்களுக்கு எழுதினார். சில நாட்களில், நோக்கியா கைப்பேசிகளை இயக்கிவந்த சிம்பியன் மென்பொருளைக் கைவிட்டு மைக்ரோசாஃப்டின் விண்டோஸுக்கு மாறுவதாக அறிவித்தார். புதிய கைப்பேசி கடைக்கு வர அந்த ஆண்டின் இறுதி ஆயிற்று. அதுவரை விற்க வேண்டிய பழைய கைப்பேசிகளுக்கு எதிர்காலம் இல்லை என்று நிறுவனமே சொல்லிவிட்டது. அது பெரும் தவறு என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் நோய் அதற்கு முந்தியது. 2004இலேயே தொடுதிரைக் கைப்பேசியும், 2005இல் லினக்ஸில் ஓடும் சிறு இணையப் பலகையும் நோக்கியாவிடம் இருந்தன. இரண்டையும் முழு மனதோடு வளர்க்க யாரும் துணியவில்லை. ஆண்டுதோறும் பல பத்து மாதிரிகளை வெளியிடும் உற்பத்தி இயந்திரம் அது. ஒவ்வொரு மாதிரிக்கும் மென்பொருளைத் தனித்தனியாகத் திருத்திக்கொண்டிருந்தார்கள். சிம்பியன் சிறிய நினைவகமும் பொத்தான்களும் கொண்ட கருவிக்காக எழுதப்பட்டது. 2007இல் ஐபோன் வந்தபோது போட்டி கருவியில் இருந்து மென்பொருளுக்கு மாறிவிட்டதை இங்கே பொறியாளர்கள் பலர் அறிந்திருந்தார்கள். மேலே சொன்னால் எடுபடவில்லை.

2012 தொடக்கத்தில் சாம்சங் முந்தியது. 2013 செப்டம்பரில் கைப்பேசிப் பிரிவை 544 கோடி யூரோவுக்கு மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக அறிவித்தார்கள். பின்லாந்துக்காரர்கள் பலருக்கு அது துக்க நாள். ஆனால் அதே ஆண்டு, கூட்டு வலையமைப்பு நிறுவனத்தில் சீமென்ஸ் வைத்திருந்த பாதியை 170 கோடி யூரோவுக்கு நோக்கியா வாங்கியது. 2016இல் அல்காடெல்-லூசெண்டையும் வாங்கியபோது, டிரான்சிஸ்டர் பிறந்த பெல் ஆய்வகமே அதன் கைக்கு வந்தது. சாணைக்கல்லில் மரம் அரைத்த நிறுவனத்துக்கு!

சனி, சாலோ

ஹெல்சின்கியிலிருந்து துர்க்கு போகும் தடத்தில் வயல்களுக்கு நடுவே இருக்கிறது சாலோ. சந்தைத் திடலில் ஸ்ட்ராபெரியும் புது உருளைக்கிழங்கும் குவிந்திருந்தன. இந்தப் பயணத்தில் நான் மிகவும் பார்க்க விரும்பிய ஊர் இதுதான்.

1928இல் இருவர் இங்கே வானொலிப் பெட்டி செய்யத் தொடங்கினார்கள். அது சலோரா நிறுவனமானது. பிறகு தொலைக்காட்சியும் செய்தது. 1979இல் சலோராவும் நோக்கியாவும் சேர்ந்து மொபிராவை உருவாக்கின. பத்துக் கிலோ செனட்டரிலிருந்து நோக்கியாவின் கைப்பேசி வரலாறு முழுவதும் இந்த ஊரின் கைவழியே போயிருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தார்கள். கணவனும் மனைவியும் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்த குடும்பங்கள் இருந்தன. நகராட்சியின் வரி வருமானமும் ஒரே நிறுவனத்தைச் சார்ந்தே இருந்தது.

ஜெர்மனியின் போஹூம் நகரில் இருந்த நோக்கியா தொழிற்சாலை 2008இல் மூடப்பட்டது. வேலை ருமேனியாவின் க்ளூஜ் நகருக்குப் போனது. க்ளூஜ் 2011இல் மூடப்பட்டது. சாலோவில் 2012 கோடையில் உற்பத்தி நின்றது. பின்லாந்தின் கடைசிக் கைப்பேசித் தொழிற்சாலை அது. மிச்சமிருந்த ஆய்வுப் பிரிவை மூடுவதாக மைக்ரோசாஃப்ட் 2015இல் அறிவித்தது. எங்கள் ஸ்ரீபெரும்புதூரில் உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். வரி வழக்கில் சொத்து முடக்கப்பட்டதால் அந்த ஆலை மைக்ரோசாஃப்டுக்குக் கைமாற முடியாமல் போயிற்று. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது.

சாலோவின் பழைய தொழிற்சாலை வளாகத்தைச் சுற்றி நடந்தேன். சனிக்கிழமை என்பதால் கதவுகள் மூடியிருந்தன. 2017 முதல் இது பல சிறு நிறுவனங்கள் இயங்கும் தொழில்நுட்ப வளாகம். ஒன்றை நம்பிய ஊர் என்ன ஆகும் என்ற என் கேள்விக்கு இங்கே கிடைத்த விடை, ஊர் நொடிக்கும், ஆனால் தாங்கிப் பிடிக்க ஏற்பாடு இருந்தால் எழும் என்பது. ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய ஆட்குறைப்புகளுக்கென்றே வைத்திருக்கும் நிதியிலிருந்து சாலோ தொழிலாளர்களின் மறுபயிற்சிக்குப் பணம் வந்தது. புதுத்தொழில் தொடங்கிய ஊழியர்களுக்கு நோக்கியாவே ஆளுக்கு 25,000 யூரோ வரை கொடுத்தது. நிலமும் சலுகையும் கொடுத்து ஆலைகளை அழைக்கும் நம் மாநிலம், அவை கிளம்பும் நாளுக்காகவும் இப்படி ஒரு நிதியை முதல் நாளிலேயே ஒதுக்க வேண்டும். பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்து இருபத்தேழில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்ணுக்கு நன்றி சொன்னால் மட்டும் போதாது.

சலோராவுக்கு இன்னொரு பிள்ளையும் உண்டு. ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால் கெமியார்வி என்ற ஊரில் 1973இல் சலோரா தொடங்கிய ஆலை, பின்னர் சார்ஜர் செய்யும் சால்காம்ப் நிறுவனமாக வளர்ந்தது. கெமியார்வி ஆலையை 2004இல் மூடிவிட்டு உற்பத்தி சீனாவுக்குப் போனது. நோக்கியாவைத் தொடர்ந்து சால்காம்ப் ஸ்ரீபெரும்புதூருக்கும் வந்தது. நோக்கியா போனபின்பும் அங்கேயே தங்கியது. உரிமை சீன நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறியபின், ஐந்தாண்டுகள் பூட்டிக் கிடந்த நோக்கியா கட்டடத்தை வாங்குவதாக 2019 நவம்பரில் செய்தி வந்தது. இப்போது அங்கே மறுபடியும் உற்பத்தி நடக்கிறது. அதே வட்டாரத்தில் ஒரகடத்தில் நோக்கியா 2008 முதல் நடத்தும் ஆலையில் கோபுரக் கருவிகள் தயாராகின்றன. ஊர் திரும்பியதும் இந்த இரண்டு ஆலைகளின் வாசலுக்கும் போய், வேலை முடிந்து வருபவர்களிடம் பேசி எழுதுகிறேன்.